ஸ்பானிஷ் சட்டச் சொற்களுக்கு ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து மொரிஷியஸுக்கு வந்து, எபேனில் ஒரு கம்பெனி நிர்வாக அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் தம்பி. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும், ஸ்பெயின், மெக்சிகோ வாடிக்கையாளர்கள் வருவதால் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, ஹோட்டலில் சாப்பாடு கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் ஒப்பந்தத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே மூழ்கிவிடுகிறார், சட்ட, வியாபாரச் சொற்கள் ஐந்நூறை ஆங்கிலப் பொருளோடு பட்டியலாகக் கொடுக்க முடியுமா, மூன்று மாதத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது.

பட்டியல் என்னிடம் இருக்கிறது தம்பி, ஆனால் தரப்போவதில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், அதே மாதிரி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வீணாக்கியவன் நான். இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று மனப்பாடம் செய்தால் சொற்கள் தலையில் ஏறும், ஒப்பந்தம் புரியாது. ஆங்கிலச் சட்டச் சொற்கள் இங்கிலாந்துக் கோர்ட்டுகளில், நீதிபதிகளின் தீர்ப்புகளில் வளர்ந்தவை. ஸ்பானிஷ் சட்டச் சொற்கள் ரோமச் சட்டத்திலிருந்து கிளம்பி, நெப்போலியன் காலத்துச் சட்டத்தொகுப்பின் சாயலோடு வந்தவை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற சொல்தான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் அதை யாரும் அகராதியில் பார்ப்பதே இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மெக்சிகோ கம்பெனி இங்கே துணைக் கம்பெனி திறக்க வந்தது. வழக்கமான கேஒய்சி காகிதங்கள்தான்: டைரக்டர்களின் பெயர், பாஸ்போர்ட், முகவரிச் சான்று. நான் ஆங்கில டைரக்டரை மனதில் வைத்துக்கொண்டு, 'திரெக்தோரேஸ்' எல்லாருடைய காகிதங்களையும் அனுப்புங்கள் என்று ஸ்பானிஷில் எழுதினேன். எழுதி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாளே பதினொரு பேருடைய பாஸ்போர்ட்டும் மின்சார பில்லும் வந்து இறங்கின. விற்பனைத் தலைவர், நிதித் தலைவர், ஆள் சேர்ப்புத் தலைவர் என்று எல்லாரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், ஒருவர்கூட போர்டில் இல்லை. மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் 'திரெக்தோர்' என்றால் துறையை நடத்தும் மேலாளர். நாம் போர்டு டைரக்டர் என்று சொல்கிறவர் அங்கே 'அத்மினிஸ்திரதோர்', அல்லது 'கொன்சேஹோ'வில், அதாவது போர்டில், உட்காரும் 'கொன்செஹேரோ'. கோப்பை முதலிலிருந்து தயாரிக்க வேண்டியதாயிற்று. எனக்கு வலித்தது அதில்லை. பக்கத்து மேசையில் பிரெஞ்சில் மட்டும் வேலை பார்த்த ஒரு அக்கா, ஸ்பானிஷ் ஒரு சொல்கூட தெரியாதவர், காகிதத்தைப் பார்த்துவிட்டு, "போர்டில் இருப்பவர் அத்மினிஸ்த்ரத்தர் இல்லையா, திரெக்தர் என்றால் மேனேஜர்தானே?" என்றார். பிரெஞ்சில் அப்படித்தான். அவருக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் இருக்கும் தீவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1810இல் பிரிட்டிஷ்காரர்கள் இந்தத் தீவைப் பிடித்தபோது, இங்கிருந்தவர்களின் சட்டமும் வழக்கமும் அப்படியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் 1804இல் பிரான்சில் பிறந்த கோத் சிவில் என்ற சிவில் சட்டத்தொகுப்பு இன்றைக்கும் இங்கே பிரெஞ்சிலேயே நடைமுறையில் இருக்கிறது. நிலம், வாரிசு, ஒப்பந்தம் எல்லாம் அதில்தான். கம்பெனிச் சட்டமோ ஆங்கிலத்தில், 2001இல் எழுதியது. கோர்ட்டில் ஆங்கிலம், கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு. இரண்டு வீட்டுச் சட்டமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான், அதில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலப் பட்டியல் கேட்கிறீர்கள். ஸ்பெயினின் சிவில் சட்டத்தொகுப்பு 1889இல் வந்தது, சிலியில் அந்த்ரேஸ் பேயோ எழுதியது 1855இல். இரண்டுக்கும் பிரெஞ்சுத் தொகுப்போடு நெருங்கிய உறவு உண்டு.

பிரெஞ்சு தெரியாதே என்பீர்கள். பேச வேண்டாம். இரண்டு வருடமாக பஸ்ஸில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் கேட்கிறீர்கள், பத்திரிகைத் தலைப்பு பிரெஞ்சில் வருகிறது, அலுவலகத்துக்கு வரும் நோட்டரி பத்திரமும் பிரெஞ்சில்தான். அந்த அளவு போதும். சட்டச் சொற்களைப் பொறுத்தவரை உங்களுக்கு வேண்டியது ஒரு நூறு நூற்றைம்பது பிரெஞ்சுச் சொற்களின் முகம் மட்டுமே.

பிரெஞ்சில் அடமானம் 'இப்பொத்தெக்', ஸ்பானிஷில் 'இப்பொத்தேக்கா'. ஒரு சொத்தை அனுபவிக்கும் உரிமை மட்டும் ஒருவருக்கும், சொத்து வேறொருவருக்கும் என்று பிரித்துக் கொடுப்பது (இங்கே பெற்றோர் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும்போது அடிக்கடி நடப்பதுதான்) பிரெஞ்சில் 'உசுஃப்ருயி', ஸ்பானிஷில் 'உசுஃப்ருக்தோ'. கணக்கு வருடம் 'எக்செர்சீஸ்', அங்கே 'எஹெர்சீசியோ'. ஆங்கிலம் வழியாகப் போனால் இதை உடற்பயிற்சி என்று படிப்பீர்கள், நான் படித்திருக்கிறேன். கம்பெனியின் பதிவுப் பெயர் 'ரேசோன் சொசியால்', பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதுவே. அசையும் சொத்து, அசையாச் சொத்து இரண்டும் 'பியெனேஸ் முவேப்லேஸ்', 'பியெனேஸ் இன்முவேப்லேஸ்'; கிரியோலில் வீட்டு மர சாமான்களை 'மெப்' என்கிறோமே, அதே சொல்தான், நகர்த்தக்கூடியது என்று பொருள். கப்பல் சரக்குக்கு மாலுமித் தரப்பு தரும் ரசீதுப் பத்திரம் பிரெஞ்சில் 'கொனெஸ்மான்', ஸ்பானிஷில் 'கொனொசிமியெந்தோ தெ எம்பார்க்கே'. அகராதியில் முதல் சொல்லுக்கு 'அறிவு' என்றுதான் போட்டிருக்கும், 'ஏற்றுமதி அறிவு' என்று மொழிபெயர்த்த ஒருவரை எனக்குத் தெரியும். போர்ட் லூயியில் ஸ்பெயினின் டூனா கப்பல்களோடு காகித வேலை செய்பவர்கள் இந்தச் சொல்லோடு கப்பல் முதலாளியான 'அர்மதோர்', சரக்குக் கூலியான 'ஃப்லேத்தே' இரண்டையும் நாள்தோறும் பார்ப்பார்கள். பிரெஞ்சில் 'அர்மத்தர்', 'ஃப்ரே'.

ஒப்பந்தச் சட்டத்திலும் இப்படித்தான். கோவையில் காமர்ஸ் படித்திருந்தால் ஒப்பந்தம் செல்ல 'கன்சிடரேஷன்', அதாவது கைமாறு, வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஸ்பானிஷ் ஒப்பந்தத்தில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஸ்பெயின் சட்டத்தொகுப்பின் 1261ஆவது பிரிவு மூன்று விஷயம் கேட்கிறது: சம்மதம், ஒப்பந்தப் பொருள், அப்புறம் 'கௌசா', அதாவது ஒப்பந்தத்துக்கான காரணம். இந்தத் தீவின் கோத் சிவிலிலும் 'கோஸ்' என்று அது உட்கார்ந்திருக்கிறது. அதே மாதிரி 'டிரஸ்ட்', ஒருவர் சொத்தை இன்னொருவரின் நலனுக்காக வைத்திருக்கும் ஏற்பாடு. நம் அலுவலகங்களுக்கு அன்றாடச் சோறு போடுவது அது, 2001இல் இங்கே தனிச் சட்டமே போட்டார்கள். ஸ்பெயினின் சட்டத்தில் அப்படி ஒரு அமைப்பே இல்லை. லத்தீன் அமெரிக்காவில் 'ஃபிதெய்கொமீசோ' இருக்கிறது, பக்கத்தில் வரும், ஆனால் ஒன்றில்லை. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினால் பத்திரம் வங்கியின் பெயரில் ஃபிதெய்கொமீசோவாக இருக்கும். வாடிக்கையாளர் அந்தச் சொல்லைச் சொன்னால் சட்டென்று டிரஸ்ட் என்று எழுதாமல், யார் வைத்திருக்கிறார்கள், யாருக்காக, எந்த வங்கி என்று கேளுங்கள்.

வக்கீல்கள் விஷயத்தில் தீவு இன்னும் அழகாகக் கைகொடுக்கிறது. இங்கே வாதாடும் பாரிஸ்டர் வேறு, காகித வேலை பார்க்கும் அட்டர்னி வேறு, பத்திரம் எழுதும் நோட்டரி வேறு. ஸ்பெயினிலும் வாதாடுபவர் 'அபொகாதோ', கோர்ட்டில் கட்சிக்காரர் சார்பாக மனு கொடுத்து வாங்குபவர் 'புரொக்குரதோர்', பத்திரம் எழுதுபவர் 'நோத்தாரியோ'. நோத்தாரியோ என்றதும் ஐம்பது ரூபாய்க்கு முத்திரை குத்தும் ஊர் நோட்டரியை நினைத்துவிடாதீர்கள். அவர் பெரிய ஆள், கடினமான போட்டித் தேர்வு எழுதி வந்த அரசுச் சட்ட அதிகாரி. நிலமானாலும் கம்பெனியானாலும் அவர் முன் 'எஸ்க்ரித்தூரா' எழுதாமல் பதிவுக்குப் போகாது.

சரி, பிரெஞ்சும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. மேலே சொன்ன புரொக்குரதோரே முதல் குழி: பிரெஞ்சில் 'ப்ரொக்குரர்' அரசுத் தரப்பு வழக்கறிஞர், ஸ்பெயினில் அந்தப் பதவிக்குப் பெயர் 'ஃபிஸ்கால்'. அந்த ஃபிஸ்கால் பெயரடையாக வந்தால் வரி சம்பந்தப்பட்டது. 'அசெசோர் ஃபிஸ்கால்' வரி ஆலோசகர், அவரைக் கண்டு பயப்பட வேண்டாம். 'ஃபோந்தோ தெ கொமெர்சியோ' ஸ்பெயின் கணக்குப் புத்தகத்தில் குட்வில், அதாவது நற்பெயரின் மதிப்பு, இங்கே 'ஃபோன் தெ கொமெர்ஸ்' என்றால் கடை, சரக்கு, வாடிக்கையாளர் எல்லாம் சேர்ந்த வியாபாரம் முழுக்க. ஆங்கிலத்திலிருந்து வரும் குழிகளோ எண்ணி முடியாது, மோசமானவற்றை மட்டும் சொல்கிறேன். 'சென்தென்சியா' என்பது தீர்ப்பு, தண்டனை கிடையாது. சிவில் வழக்கில் சென்தென்சியா வந்தது என்று படித்துவிட்டு யாருக்கு எத்தனை வருடம் ஜெயில் என்று கேட்காதீர்கள். 'மஹிஸ்த்ராதோ' மேல் கோர்ட்டு நீதிபதி, நம் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மாஜிஸ்திரேட் இல்லை. 'கொம்ப்ரொமீசோ' என்றால் கொடுத்த வாக்கு, கடமை. சமரசம் என்று மொழிபெயர்த்தால் வாடிக்கையாளர் தலையில் இடி. 'அக்துவால்' என்றால் தற்போதைய. 'ரெசொல்வேர் எல் கொந்த்ராத்தோ' என்றால் ஒப்பந்தச் சிக்கலைத் தீர்ப்பது என்று தோன்றும், உண்மையில் ஒப்பந்தத்தையே முறிப்பது. 'அக்தோர்' வழக்கில் வந்தால் வாதி, சினிமாவில் வந்தால் நடிகர்.

'கொன்குர்சோ' தனி வேடிக்கை. 'கொன்குர்சோ பூப்லிகோ' என்றால் டெண்டர், 'கொன்குர்சோ தெ அக்ரெயெதோரேஸ்' என்றால் திவால். ஒரு கம்பெனி கொன்குர்சோவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் வாழ்த்துவதா அனுதாபப்படுவதா என்று அடுத்த சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? நான் ரோஸ் ஹில்லில் பிறந்து, வீட்டில் கிரியோல் பேசி, தமிழைப் பள்ளிக்கூடத்தில் தனிப் பாடமாகப் படித்தவன். 'வழக்கு' என்றால் கோர்ட்டு கேஸ் என்று முதலில் கற்றேன். பிறகு புத்தகத்தில் 'பேச்சு வழக்கு' என்று வந்தபோது, வாயாலேயே நடத்தும் கேஸ் போலிருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன். வாத்தியார் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பட்டியலில் படித்த சொல்லுக்கு அந்தக் கதிதான்.

பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உறவு இல்லாத சொற்கள் வரும்போது சிலவற்றுக்கு அரபு மூலம் இருக்கும். சரக்கோடு வரும் டெலிவரி சீட்டு 'அல்பரான்', வாடகை 'அல்கிலேர்', உயிலை நிறைவேற்றுபவர் 'அல்பசேயா', சுங்கவரி விகிதம் 'அரன்செல்'. பல நூற்றாண்டு அரபு ஆட்சி விட்டுப்போன சொற்கள். நம் கோர்ட்டுத் தமிழிலும் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வசூல், ரசீது, பாக்கி என்று அரபும் பாரசீகமும்தானே கொடிகட்டிப் பறக்கின்றன. சுங்க அலுவலகத்துக்கு ஸ்பானிஷில் 'அதுவானா', அதுவும் நம் ஊர் 'திவானு'ம் ஒரே வேர். இப்படி ஒன்று கிடைத்தால் அந்தச் சொல் பிறகு மறக்காது.

இனி எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். தனிச் சொல்லாக எதையும் நோட்டில் எழுதாதீர்கள், வினையோடு சேர்த்து எழுதுங்கள். தமிழில் வழக்கைத் தொடுக்கிறோம், தீர்ப்பை வழங்குகிறோம், அபராதம் விதிக்கிறோம், ஒப்பந்தம் போடுகிறோம். தீர்ப்பைப் போட்டார்கள், வழக்கை விதித்தார்கள் என்று ஒருவர் சொன்னால் சொல்லெல்லாம் சரி, ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். ஸ்பானிஷில் வழக்கு என்ற 'தெமாந்தா'வை 'இன்தெர்பொனேர்' செய்வார்கள், சென்தென்சியாவை 'திக்தார்', கூட்டக் குறிப்பை 'லெவந்தார் ஆக்தா' (சொல்லுக்குச் சொல் பார்த்தால் குறிப்பைத் தூக்குகிறார்கள்), அதிகாரப் பத்திரமான 'பொதேர்' தருவதை 'ஒத்தொர்கார்', ஒப்பந்தம் செய்துகொள்வதை 'செலெப்ரார்' என்பார்கள். கடைசியில் சொன்ன வினைக்குக் கொண்டாடுவது என்றும் பொருள் உண்டு, ஆகவே ஸ்பானிஷ்காரர்கள் பிறந்தநாளையும் ஒப்பந்தத்தையும் ஒரே வினையால் முடிக்கிறார்கள். இப்படி நாற்பது ஜோடி தெரிந்தால் இருநூறு தனிச் சொல்லுக்குச் சமம். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 'பகாரே'. பிராமிசரி நோட்டுக்குப் பெயர் அது. வினையே பெயராகிவிட்டது, பொருள் 'கொடுத்துவிடுவேன்'.

அடுத்தது காகிதத்தின் எலும்புக்கூடு. ஸ்பெயினில் எழுதும் ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கு பெரிய எழுத்துத் தலைப்புகளில் நடக்கும்: 'ரெயுனீதோஸ்' என்பதன் கீழ் யார் யார் வந்திருக்கிறார்கள், 'இன்தெர்வியெனென்' என்பதன் கீழ் அவர்கள் யார் சார்பில், எந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், 'எக்ஸ்போனென்' என்பதன் கீழ் பின்கதை, பிறகு 'கிளௌசுலாஸ்', நிபந்தனைகள். உங்கள் வேலைக்கு இரண்டாவது தலைப்புத்தான் உயிர். அங்கேதான் அபொதெராதோ, அதாவது அதிகாரம் பெற்றவர், எந்த எஸ்க்ரித்தூரா வழியாக, எந்த நோத்தாரியோ முன்னிலையில், எந்தத் தேதியில் அதிகாரம் பெற்றார் என்று இருக்கும். முதல் வரியிலேயே மூழ்குகிறேன் என்றீர்களே, அந்த முதல் வரி ஒரு பக்கத்துக்கு ஓடும் ஒரே வாக்கியம், அதனால்தான். நம் கிரயப் பத்திரம் பார்த்ததில்லையா? "இன்னார் மகன் இன்னார் ஆகிய நான்" என்று தொடங்கி "எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் என்னவென்றால்" என்று மூச்சு விடுவதற்குள் அரைப் பக்கம் போய்விடும். அதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. முக்கிய வினையைக் கண்டுபிடித்துக் கோடு போடுங்கள், மற்றதெல்லாம் யாருடைய மகன், எந்தத் தெரு.

பழைய வினை வடிவம் ஒன்று உங்களை மிரட்டும், வகுப்பில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். 'ஃபுவேரே', 'உபியேரே' என்று முடியும். வருங்காலத்தில் இப்படி நடந்தால் என்ற பொருள். பேச்சில் செத்துப்போய், சட்டத்திலும் பழமொழியிலும் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெயின் குற்றவியல் சட்டத்தின் 138ஆவது பிரிவு 'எல் கே மத்தாரே அ ஓத்ரோ' என்றுதான் தொடங்கும், இன்னொருவரைக் கொல்கிறவர் என்று. பழமொழியில் வேண்டுமென்றால் 'தோந்தே ஃபுவேரெஸ், அஸ் லோ கே வியேரெஸ்', போகிற ஊரில் பார்ப்பதைச் செய், நம் 'ஊரோடு ஒத்து வாழ்' மாதிரி. நீங்கள் இந்த வடிவத்தை எழுத வேண்டியதில்லை, கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

சொற்களைவிட எண்களில்தான் பணம் போகும், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயினில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா, 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். மெக்சிகோவில் நம்மைப் போலவே எழுதுவார்கள். 'பில்யோன்' ஆங்கில பில்லியன் கிடையாது, ஆயிரம் மடங்கு பெரியது. ஆங்கில பில்லியனுக்கு ஸ்பானிஷில் 'மில் மில்யோனேஸ்'. இதை ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் யோசியுங்கள், குழப்பமே வராது: மில் மில்யோனேஸ் நூறு கோடி, பில்யோன் லட்சம் கோடி.

நாள் கணக்கும் அப்படித்தான். 'தீயாஸ் ஆபிலேஸ்' வேலை நாட்கள், 'தீயாஸ் நத்துராலேஸ்' எல்லா நாட்களும். அர்ஜென்டினா, சிலி பக்கம் இதையே 'கொர்ரீதோஸ்' என்பார்கள். ஸ்பெயினில் அரசு அலுவலக நடைமுறைக்கான 2015ஆம் வருடத்து 39ஆம் எண் சட்டத்தில் சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கிலிருந்து போய்விட்டது. தனியார் ஒப்பந்தத்தில் வெறும் 'தீயாஸ்' என்று இருந்தால், ஸ்பெயின் சிவில் தொகுப்பின் 5ஆவது பிரிவுப்படி விடுமுறையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வியாபாரச் சொல் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் 'ப்ரெசுபுவெஸ்தோ' அனுப்புகிறேன் என்றால் பட்ஜெட் மட்டுமில்லை, விலைப்புள்ளியாகவும் இருக்கலாம். ஒரு தடவை பட்ஜெட் என்று நினைத்து அதைக் கோப்பில் போட்டு வைத்தேன், அவர்கள் இரண்டு வாரம் எங்கள் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள். லத்தீன் அமெரிக்காவில் விலைப்புள்ளி 'கொத்திசாசியோன்', அதே சொல் ஸ்பெயினில் பெரும்பாலும் சமூகப் பாதுகாப்புக்குக் கட்டும் பங்கு அல்லது பங்குச்சந்தை விலை. விற்பனை வரி ஸ்பெயினில் 'ஈவா' 21 சதவீதம், மெக்சிகோவில் 16, பெருவில் பெயரே வேறு. கம்பெனி வகையும் அப்படியே. ஸ்பெயினில் சின்ன கம்பெனி எஸ்.எல்., மூலதனம் 3,000 யூரோ வேண்டும் என்றிருந்தது 2022இல் 1 யூரோவாகக் குறைந்தது, பெரிய எஸ்.ஏ.வுக்கு 60,000. மெக்சிகோக்காரர் பெயருக்குப் பின்னால் வரும் நீளமான வால், எஸ்.ஏ. தெ சி.வி., மூலதனத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்கிறது. கொலம்பியாவில் 2008இலிருந்து எஸ்.ஏ.எஸ். என்ற எளிய கம்பெனி வகை இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் மெக்சிகோ ஊழியர்களுக்குக் கிடைக்கும் 'அகினால்தோ'வை உங்களுக்கு விளக்கவே வேண்டாம், இங்கே டிசம்பரில் வரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தின் தம்பி அது. ஆகவே எல்லா நாட்டையும் ஒரே சமயத்தில் பிடிக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் அதிகம் எந்த நாடோ அதை மட்டும் எடுங்கள், மற்ற நாட்டுச் சொல்லை எதிர்ப்படும்போது ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்க வேண்டாம். ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரெயால் அகாதேமியாவின் பான்ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் எல்லா நாடுகளுக்குமான) சட்ட அகராதி இணையத்தில் இலவசம், எந்த நாட்டில் எந்தப் பொருள் என்றும் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூர்-லெக்ஸ் தளத்தில் ஒரே சட்டத்தை மூன்று மொழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று இந்த வரிசையில் வையுங்கள், ஆங்கிலத்தைக் கடைசியில். சரக்கு விற்பனைக்கு 1980ஆம் வருடத்து வியன்னா ஒப்பந்தம் மூன்று மொழியிலும் அதிகாரபூர்வமாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடப் புத்தகம் நம் ஊர் பெயரிலேயே இருக்கிறது. முதலீட்டாளருக்கும் அரசுக்கும் நடக்கும் நடுவர் விசாரணைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற ஐ.நா. ஒப்பந்தம், 2015 மார்ச் 17 அன்று போர்ட் லூயியில் கையெழுத்துக்குத் திறந்தது, 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஸ்பானிஷில் அதற்குச் செல்லப்பெயர் 'கொன்வென்சியோன் தெ மௌரீசியோ'. சில பக்கம்தான். தினம் ஒரு பிரிவு, முதலில் பிரெஞ்சு, பிறகு ஸ்பானிஷ், வினை ஜோடிகளை நோட்டில் எழுதுவது, இரவில் ஸ்பானிஷ் பக்கத்தை மூடிவிட்டு பிரெஞ்சிலிருந்து திரும்பச் சொல்வது. பாதிக்கு மேல் சரியாக வந்தால் அடுத்த பிரிவு.

நீங்கள் எவ்வளவு தேறினாலும் பத்திரத்தை நீங்களே மொழிபெயர்த்து ஸ்பெயின் அலுவலகத்தில் கொடுக்க முடியாது. அங்கே வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த 'த்ரதுக்தோர் ஹுராதோ' முத்திரை வேண்டும், அர்ஜென்டினாவில் 'த்ரதுக்தோர் பூப்லிகோ', மெக்சிகோவில் 'பெரீத்தோ'. இங்கிருந்து போகும் காகிதத்துக்கு, வெளிநாட்டில் அது செல்லுபடியாக அப்போஸ்தில் முத்திரையும் சேர வேண்டும். வாடிக்கையாளரிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் பழி உங்கள் மேல்தான் விழும்.

மூன்று மாதம் போதுமா என்றால், ஒரு நாட்டு ஒப்பந்தத்தை அகராதியோடு மெதுவாகப் படிக்கப் போதும், சட்டம் பேசப் போதாது. கூட்டத்தில் பேச முயலாதீர்கள். ஐந்து கேள்விகளை மட்டும் ஸ்பானிஷில் எழுதி, யாரிடமாவது காட்டித் திருத்தி, கையில் கொண்டு போங்கள்: கம்பெனி எந்த நாட்டில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அத்மினிஸ்திரதோரேஸ் யார் யார், கையெழுத்துப் போடுபவரின் பொதேர் எந்த எஸ்க்ரித்தூராவில் இருக்கிறது, கெடு நாட்கள் ஆபிலேஸா நத்துராலேஸா, தொகை எந்த நாட்டுப் பெசோவில், ஏனென்றால் மெக்சிகோ, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா நான்கும் பெசோவுக்கு டாலர் குறியைத்தான் போடுகின்றன. வந்திருப்பவர் மெக்சிகோ வக்கீலாக இருந்தால் 'லிசென்சியாதோ' என்று கூப்பிடுங்கள், முகம் மலரும். அப்புறம் காப்பி வரும்போது அந்த ஹோட்டல் ஸ்பானிஷைத் தாராளமாக எடுத்து விடலாம்.